ஒளி போன கடிகாரமும் ஒளிரும் நட்சத்திரங்களும்

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அவள் அறையின் மேற்கூரையில் சிறுவயதில் ஒட்டிய ரேடியம் நட்சத்திரங்கள் இன்னும் இருக்கின்றன. விளக்கை அணைத்தால் பச்சையாக ஒளிர்கின்றன. மறைந்த என் மாமனாரின் பழைய கைக்கடிகாரம் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் முள்ளும் எண்களும் இருட்டில் மின்னுமாம், இப்போது மின்னுவதில்லை. கண்ணாடியில் விரிசல் விழுந்துவிட்டதால் அதைத் திறந்து துடைத்து மறுபடி ஓட வைக்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. இதற்கிடையில் பள்ளியில் கதிரியக்கப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். வந்ததும் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாள். ஒளியும் அணுவிலிருந்து வருகிறது, கதிரியக்கமும் அணுவிலிருந்து வருகிறது என்றால் இரண்டும் ஒன்றுதானா? எப்போது வெளிவிட வேண்டும் என்று அணுவுக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் கவலை வேறு. நட்சத்திரங்களை உரித்து எறிந்துவிடவா? கடிகாரத்தில்தான் ஒளி போய்விட்டதே, அதைத் திறப்பதில் ஆபத்து இல்லைதானே?

பதில்:

கடிகாரத்தைத் திறக்க வேண்டாம். இதை முதலில் உங்கள் மகளிடம் சொல்லிவிட்டு வாருங்கள், மீதியைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம். நட்சத்திரங்கள் இருக்குமிடத்திலேயே இருக்கட்டும். அவற்றால் எந்தத் தீங்கும் இல்லை.

கதிர்வீச்சு அளவீட்டுப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். ஒளிர்வதைக் கண்டு பயப்படுவதும் ஒளிராததை நம்பிக் கையில் எடுப்பதும் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று. இதில் நம் பேச்சுவழக்குக்கும் பங்கு உண்டு. வண்டியில் ஒட்டும் பட்டை, சுவரில் ஒட்டும் நட்சத்திரம் எல்லாவற்றையும் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வண்டிப் பட்டை தன்மேல் விழும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். நட்சத்திரம் விளக்கொளியை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறது. இரண்டிலும் ரேடியம் துளிகூடக் கிடையாது. உண்மையான ரேடியம் இருக்க வாய்ப்புள்ள ஒரே பொருள், உங்கள் வீட்டில், அந்தப் பேர் ஒட்டாத கடிகாரம்தான்.

ஏன் ஒளி போனது என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மகளின் முதல் கேள்விக்கான பதில் அந்த முள்ளின் நுனியில் இருக்கும் பொட்டளவு பூச்சுக்குள்ளேயே இருக்கிறது.

பழைய ஒளிரும் பூச்சில் இரண்டு பொருள்களைக் கலந்தார்கள். ஒன்று ரேடியம் உப்பு, மிக மிகக் கொஞ்சம். மற்றொன்று துத்தநாக சல்ஃபைடு, அதில் சிறிதளவு செம்பு. ரேடியத்தின் அணுக்கரு சிதையும்போது ஆல்பா துகள் ஒன்று (இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த கட்டு) பாய்ந்து வருகிறது. அது துத்தநாக சல்ஃபைடு படிகத்தில் மோதி, அங்குள்ள எலக்ட்ரான்களை உயர்ந்த ஆற்றல் மட்டங்களுக்குத் தள்ளுகிறது. அவை கீழே இறங்கும்போது பச்சை ஒளி வருகிறது. ஆக, கடிகாரம் மின்னிய காலத்தில் கண்ணில் பட்டது ரேடியத்தின் கதிர் அல்ல. அடிபட்ட படிகத்தின் ஒளி. வில்லியம் க்ரூக்ஸ் 1903-இல் ஒரு சிறு குழாயின் முனையில் இதே பொருளைப் பூசி, அருகில் துளி ரேடியத்தை வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தார். ஒரே சீராகத் தெரிந்த ஒளி தனித்தனிப் பொறிகளாகப் பிரிந்து தெரிந்தது. ஒவ்வொரு பொறியும் ஓர் அணுவின் சிதைவு.

அந்த அடி சாதாரண அடி இல்லை. ஆண்டுக்கணக்கில் வாங்கிய படிகம் சிதைந்து, ஒளி தரும் திறனை இழந்துவிடுகிறது. ரேடியம்-226-இன் அரை ஆயுளோ, அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலமோ, சுமார் 1,600 ஆண்டுகள். கடிகாரத்துக்கு எழுபது வயது என்று வைத்துக்கொண்டாலும், தொடக்கத்தில் இருந்த ரேடியத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் குறைந்திருக்கும். திரி கருகிவிட்டது, எண்ணெய் அப்படியே இருக்கிறது. "ஒளிதான் போய்விட்டதே" என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் எனக்குப் பதற்றம் வந்தது.

நீங்கள் வெட்கப்பட வேண்டிய தவறு இல்லை இது. கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த ஆன்றி பெக்கரெலும் இதே கணக்கோடுதான் தொடங்கினார். ஒளிரும் பொருள்கள் ஒளியோடு சேர்த்து ஊடுருவும் கதிர்களையும் விடுகின்றன என்பது 1896 தொடக்கத்தில் அவருடைய எண்ணம். கறுப்புத் தாளில் சுற்றிய ஒளிப்படத் தகட்டின்மேல் யுரேனிய உப்பை வைத்து வெயிலில் காட்டினார். தகட்டில் தடம் விழுந்தது. எண்ணம் சரியென்றே தோன்றியது. பிப்ரவரிக் கடைசியில் வானம் மூடிக்கொண்டது. வெயில் இல்லாததால் உப்பையும் தகட்டையும் இழுப்பறையில் வைத்தார். மார்ச் 1 அன்று தகட்டைக் கழுவிப் பார்த்தால், மங்கலாக இருக்கும் என்று அவர் நினைத்த தடம் அழுத்தமாக விழுந்திருந்தது. பிறகு, கொஞ்சமும் ஒளிராத யுரேனியச் சேர்மங்களும் அதே வேலையைச் செய்தன. ஒளிர்வது வேறு கதை, கதிரியக்கம் வேறு கதை என்று அப்போதுதான் தெரிந்தது.

இனி அந்த இரண்டு கதைகளையும் பார்ப்போம்.

ஓர் அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் மட்டங்கள் படிக்கட்டு போல வரையறுக்கப்பட்டவை. ஹைட்ரஜனில் இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் உள்ள இடைவெளி சுமார் 1.89 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு இது). மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும் எலக்ட்ரான் அந்த இடைவெளிக்குச் சரியாக ஈடான ஆற்றலை ஓர் ஒளித்துகளாக விடுகிறது. அது 656 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி. இந்தக் கணக்கை நீல்ஸ் போர் 1913-இல் போட்டுக் காட்டினார். சோடியத்தின் படி வேறு, ஆகவே அதன் ஒளி 589 நானோமீட்டருக்கு அருகில் மஞ்சளாக வருகிறது. ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய நிறக்கோடுகள். புன்சனும் கிர்க்காஃபும் 1860-இல் சீசியத்தைக் கண்டுபிடித்ததே அதுவரை எவரும் பார்த்திராத இரண்டு நீலக் கோடுகளை வைத்துத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒளியை விட்ட பிறகும் சோடியம் சோடியமாகவே இருக்கிறது. மறுபடி ஆற்றல் கொடுத்தால் மறுபடி ஒளிரும். உங்கள் மகளின் நட்சத்திரங்கள் இரவுதோறும் இதைத்தான் செய்கின்றன. இப்போதைய நட்சத்திரங்கள் பலவற்றில் இருப்பது யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் சிறிதளவு சேர்த்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட். விளக்கொளியில் மேலே போன எலக்ட்ரான்களில் சில, படிகத்துக்குள் இருக்கும் குழிகளில் சிக்கிக்கொள்கின்றன. அறையின் வெப்பம் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வெளியே எடுக்கிறது. எடுக்க எடுக்க ஒளி வருகிறது. ஸ்ட்ரான்சியம் என்ற பெயரைப் பெட்டியில் படித்துவிட்டு அணுகுண்டுச் செய்திகளில் வரும் ஸ்ட்ரான்சியம்-90-ஐ நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். இது பாறையில் இயல்பாகக் கிடைக்கும் கதிரியக்கமற்ற ஸ்ட்ரான்சியம்.

இரண்டாம் கதை அணுவின் நடுவே, அணுக்கருவில் நடக்கிறது. எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்திருக்கும் விசையைக் காட்டிலும் மிக வலிமையான விசையால் புரோட்டான்களும் நியூட்ரான்களும் அங்கே கட்டுண்டு கிடக்கின்றன. அதனால் ஆற்றல் கணக்கும் வேறு. நட்சத்திரத்திலிருந்து வரும் ஒரு பச்சை ஒளித்துகளின் ஆற்றல் சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட். ரேடியத்திலிருந்து வரும் ஓர் ஆல்பா துகளுக்கு சுமார் 48 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். அதாவது அந்த ஒற்றைத் துகள் சுமந்து வருவது இருபது லட்சம் பச்சை ஒளித்துகள்களின் ஆற்றல். மூலக்கூறுகளில் அணுக்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்புகள் சில எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருப்பவை. பச்சை ஒளி உடல்மேல் பட்டால் தோல் கொஞ்சம் வெதுவெதுக்கும், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆல்பா துகள் தன் பாதையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் நிற்கும்.

சிதைந்த ரேடியம் பிறகு ரேடியம் இல்லை. இரண்டு புரோட்டான்களையும் இரண்டு நியூட்ரான்களையும் இழந்து அது ரேடான் என்ற வாயுவாகிவிட்டது. திரும்பி வராது. வெளியே போன ஆல்பா துகள் எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொண்டு ஹீலியம் ஆகிறது. இதை ரதர்ஃபோர்டும் ராய்ட்ஸும் நிரூபித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது, உங்கள் மகளுக்கும் பிடிக்கும். ஆல்பா துகள்கள் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரேடான் வாயுவை அடைத்தார்கள். அதைச் சுற்றி வெற்றிடமாக்கிய இன்னொரு குழாய். சில நாள் கழித்து, வெளிக்குழாயில் சேர்ந்ததை ஒடுக்கி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். ஹீலியத்தின் மஞ்சள் கோடு தெரிந்தது. அணுக்கரு எதை விடுகிறது என்று எலக்ட்ரான்கள் விட்ட ஒளி சாட்சி சொல்லிவிட்டது.

"இரண்டும் ஒன்றுதானா" என்ற கேள்விக்கு, இவ்வளவும் சொன்ன பிறகு, 'இல்லை' என்று மட்டும் சொல்லி முடித்தால் உங்கள் மகளை ஏமாற்றியவன் ஆவேன். ஓரிடத்தில் அவள் சொல்வது சரி. அணுக்கருவுக்கும் ஆற்றல் படிகள் உண்டு. கோபால்ட்-60 பீட்டா துகளை விட்டு நிக்கல்-60 ஆகும்போது, அந்த நிக்கலின் அணுக்கரு மேற்படியில் பிறக்கிறது. உடனே இறங்குகிறது, இறங்கும்போது 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு ஒளித்துகள்களை விடுகிறது. அவற்றைத்தான் காமா கதிர் என்கிறோம். காமா கதிரும் ஒளியும் ஒரே இனம். ஒன்று எலக்ட்ரான் படியிலிருந்து வருகிறது, மற்றது அணுக்கருப் படியிலிருந்து. மருத்துவமனை ஸ்கேன்களில் பயன்படும் டெக்னீஷியம்-99எம் என்ற அணுக்கரு, அரை ஆயுள் ஆறு மணி நேரமாக, காமா ஒளியை விட்டுவிட்டு அதே டெக்னீஷியமாகவே இருக்கிறது. சோடியம் செய்வதைப் போலத்தான்.

பீட்டா சிதைவில் இன்னும் ஆழமான உறவு இருக்கிறது. பீட்டா துகள் என்பது எலக்ட்ரான். அணுக்கருவுக்குள் எலக்ட்ரானே இல்லாதபோது அது எங்கிருந்து வருகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். நான் அவர்களைத் திருப்பிக் கேட்பேன்: சோடியம் அணுவுக்குள் மஞ்சள் ஒளித்துகள் எங்கே ஒளிந்திருந்தது? எங்கும் இல்லை. எலக்ட்ரான் படியிறங்கிய அந்த நிகழ்விலேயே அது உண்டாயிற்று. நியூட்ரான் புரோட்டானாக மாறும் நிகழ்வில் எலக்ட்ரானும், அதோடு எதிர்நியூட்ரினோ என்ற மின்னேற்றமற்ற நுண்துகளும் அப்படியே உண்டாகின்றன. என்ரிகோ ஃபெர்மி பீட்டா சிதைவுக்கான தம் கோட்பாட்டை 1930களின் முற்பாதியில் அமைத்தபோது, அணு ஒளித்துகளைப் படைக்கும் முறையைத்தான் மாதிரியாகக் கொண்டார்.

இரண்டாம் கேள்வி கடினமானது. எப்போது என்று அணுவுக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பதே பதில், இதை நான் மழுப்பலாகச் சொல்லவில்லை. அணுவுக்குள் நேரம் காட்டும் எதுவும் இருப்பதாக ஒரு சோதனையும் காட்டியதில்லை.

ஒரு மைக்ரோகிராம் ரேடியத்தில் சுமார் 27 கோடி கோடி அணுக்கள் இருக்கின்றன. வினாடிக்கு ஏறக்குறைய 37,000 சிதைகின்றன. எவை என்று யாராலும் சொல்ல முடியாது. இன்று சிதைந்த அணுவும், இன்னும் மூவாயிரம் ஆண்டு இருக்கப்போகும் அணுவும் நேற்றுவரை எந்த வேறுபாடும் இல்லாதவை. மனிதருக்கு எண்பது வயதில் இருக்கும் ஆபத்து இருபது வயதில் இல்லை. ரேடியம் அணுவுக்கு மூப்பே கிடையாது. பிறந்து ஒரு நாளான அணுவுக்கும் ஆயிரம் ஆண்டான அணுவுக்கும் அடுத்த வினாடியில் சிதைய ஒரே வாய்ப்புதான். அந்த வாய்ப்பு மாறாமல் இருப்பதால்தான் 'பாதி குறைய இத்தனை காலம்' என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

ஒளி விடும் அணுவுக்கும் இதே சட்டம். கிளர்ச்சி நிலையில் இருக்கும் சோடியம் அணு சராசரியாக 16 நானோவினாடியில் இறங்குகிறது. ஒரு குறிப்பிட்ட அணு எப்போது இறங்கும் என்பது வாய்ப்பின் கையில். ஐன்ஸ்டைன் 1916-இல் ஒளி உமிழ்வுக்கான விதியை எழுதும்போது, கதிரியக்கச் சிதைவின் விதியோடு அது ஒத்திருப்பதைக் கவனித்தார். நேரத்தையும் திசையையும் தற்செயலுக்கு விட்டுவிடுவது தம் கோட்பாட்டின் குறை என்றே அவர் கருதினார். நூறாண்டுக்குப் பிறகும் அந்தத் தற்செயலை ஒருவரும் அகற்றவில்லை. உங்கள் மகளுக்கு இது மனத்தை உறுத்துகிறது என்றால், சரியான இடத்தில்தான் உறுத்துகிறது.

எந்த அணுவுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு மட்டும் காரணம் உண்டு. ஆல்பா துகள் அணுக்கருவுக்குள் ஆற்றல் சுவர் ஒன்றுக்குப் பின்னால் இருக்கிறது. ஏறித் தாண்டும் ஆற்றல் அதற்கு இல்லை; ஆனால் குவாண்டம் விதிகளின்படி சுவரை ஊடுருவி வெளியே தோன்ற மிகச் சிறு வாய்ப்பு உண்டு. 1928-இல் ஜார்ஜ் காமவ் இதைக் காட்டினார். கர்னியும் காண்டனும் தனியே அதே முடிவுக்கு வந்தார்கள். துகளின் ஆற்றல் கூடக்கூட அது ஊடுருவ வேண்டிய சுவர் மெலிகிறது; சுவரின் தடிமன் கொஞ்சம் மாறினாலும் அரை ஆயுள் பல மடங்கு மாறிவிடும். யுரேனியம்-238 விடும் ஆல்பாவின் ஆற்றல் 4.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், பொலோனியம்-214 விடுவதற்கு 7.7. இரண்டு மடங்குகூட இல்லை. அரை ஆயுளோ, முன்னதற்கு 447 கோடி ஆண்டுகள். பின்னதற்கு ஒரு வினாடியில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு.

மறுபடி கடிகாரத்துக்கு வருகிறேன். அதில் இருப்பது ரேடியம்தான் என்று பார்க்காமல் நான் உறுதி சொல்ல முடியாது. கண்ணாடி வழியே பார்க்கும்போது முகப்பின் கீழ்ப்பகுதியில் தனியாக ஆங்கில 'டி' (T) எழுத்து சிறிதாகப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் ட்ரிட்டியம், கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள்தான், பீட்டா துகளும் தோலின் மேற்படலத்தைத் தாண்டாத அளவுக்கு வலுவற்றது. அப்படிப்பட்ட கடிகாரத்தில் ஒளி மங்கினால் எண்ணெயும் தீர்ந்துவருகிறது என்று கொள்ளலாம். 1960களுக்கு முந்தைய கடிகாரம், எண்கள் பழுப்பேறி வெடிப்பு விட்டிருக்கின்றன, 'டி' இல்லை என்றால் ரேடியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியிருக்கும் ரேடியம் கடிகாரம் மேசைமேல் இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. ஆல்பா துகள் காற்றில் சில சென்டிமீட்டரே போகும், கண்ணாடியைத் தாண்டாது. பூச்சு உதிர்ந்து மூக்குக்கோ வாய்க்கோ போவதுதான் ஆபத்து. 1910களின் இறுதியிலும் 1920களிலும் அமெரிக்கக் கடிகாரத் தொழிற்சாலைகளில் இளம்பெண்கள் இந்தப் பூச்சைத் தீட்டினார்கள். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ரேடியம் வேதியியலில் கால்சியத்தின் உறவு. உடல் அதைக் கொண்டுபோய் எலும்பில் சேர்த்துக்கொண்டது. தாடை எலும்பு அழுகியும், ரத்தசோகையாலும், எலும்புப் புற்றாலும் பலர் இறந்தார்கள். கூராக்கினால் தீங்கு இல்லை என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்களில் பலர் உங்கள் மகளின் வயதினர். இந்தத் துறைக்கு வந்த நாளிலிருந்து அவர்களை நான் மறந்ததில்லை.

ஆகவே, கடிகாரத்தை அசைக்காமல் எடுத்து, இறுக மூடும் பிளாஸ்டிக் பையில் போடுங்கள். தலைமாட்டிலோ துணி அலமாரியிலோ வேண்டாம். ஆள் புழக்கம் குறைந்த, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், ரேடான் வாயு கசியக்கூடும். இருந்த இடத்தில் பொடி தெரிந்தால் பெருக்க வேண்டாம். ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து அதே பையில் போட்டுவிட்டு, சோப்பால் கைகழுவுங்கள். குப்பையில் எறியக் கூடாது. கதிர்வீச்சு அளவிடும் கருவியுள்ள பல்கலைக்கழக இயற்பியல் துறையையோ, உங்கள் பகுதிக்குரிய கதிர்வீச்சுப் பாதுகாப்பு அமைப்பையோ முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டு அணுகுங்கள். ரேடியம் என்று தெரிந்தால், பூச்சை அகற்றும் பயிற்சியுள்ளவர்கள் மட்டுமே அதைத் திறக்கலாம். மாமனார் அதைக் கட்டியிருந்த காலத்தை எண்ணிக் கலங்க வேண்டாம், மூடிய கடிகாரம் கையில் இருந்ததற்கும் பூச்சை விழுங்கியதற்கும் மலையளவு வேறுபாடு. நம் உடலிலும் பொட்டாசியம்-40 இருக்கிறது. பெரியவர் ஒருவரின் உடலில் வினாடிக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கள் சிதைந்துகொண்டே இருக்கின்றன.

கடிகாரத்தைத் திறக்கக் கூடாது என்றதும் உங்கள் மகள் முகம் சுருங்கக்கூடும். அவளுக்கு வேறு வேலை தருகிறேன். ஒரே அளவான இரண்டு நட்சத்திரங்களை உரித்து, ஒரே விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் வைக்கட்டும். பிறகு ஒன்றைக் குளிர்பெட்டியின் உறைபகுதியிலும் மற்றொன்றை அறை இருட்டிலும் வைத்து, கால் மணி கழித்து இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். குளிர்ந்தது மங்கலாக இருக்கும். உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினால் பிரகாசமாகும், ஏனென்றால் குழியிலிருந்து எலக்ட்ரானைத் தட்டி எடுப்பது வெப்பம். ரேடியத்தை எந்தக் குளிரில் வைத்தாலும், எந்தச் சூட்டில் வைத்தாலும், வினாடிக்குச் சிதையும் எண்ணிக்கை மாறாது. அந்த வெப்பமெல்லாம் அணுக்கருவின் படிகளுக்கு முன் ஒன்றுமே இல்லை. ஏன் என்று அவளே ஆற்றல் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்: அறை வெப்பநிலையில் ஓர் அணுவுக்குக் கிடைக்கும் ஆற்றல் சுமார் 0.025 எலக்ட்ரான் வோல்ட்.

அளவீட்டு முடிவு வந்ததும் எழுதுங்கள். அந்த விரிசல் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது ரேடியமா ட்ரிட்டியமா என்று தெரியும்வரை எனக்கும் மனம் அதிலேயே இருக்கும்.